ஸ்கீனா ஆறு: யாரும் படம் எடுக்காத இடங்கள்

கனடாவில் ஸ்கீனா ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர் டெரஸ். அங்கே எங்களைப் பார்க்க வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஆற்றை எங்கே நின்று பார்த்தால் நன்றாக இருக்கும்?" அநேகமாக எல்லோரையும் கிட்செலாஸ் பள்ளத்தாக்குக்குத்தான் கூட்டிப்போவேன். பாறைகளுக்கு நடுவே ஸ்கீனா குறுகி, சுழித்து, இரைச்சலோடு பாயும் இடம் அது. ரயில் வருவதற்கு முன்னால் இங்கே நீராவிக் கப்பல்கள் ஓடின. பாறையில் இரும்பு வளையம் அடித்து, அதில் கயிற்றைக் கட்டித்தான் கப்பலை மேலே இழுப்பார்கள். 1907-இல் மவுண்ட் ராயல் என்ற கப்பல் அங்கேதான் மாட்டிக்கொண்டு உடைந்தது. 6 பேர் இறந்தார்கள். அந்தப் பாறைமேல் நின்று பார்க்கும் யாருக்கும் இந்த ஆற்றை மனிதனால் ஒன்றும் செய்துவிட முடியாது என்றுதான் தோன்றும்.

ஆனால் ஸ்கீனாவுக்கு ஆபத்து வந்தபோதெல்லாம் அது பள்ளத்தாக்குக்கு வரவில்லை. மேலே, ஆறு பிறக்கும் சதுப்பு மேட்டுக்கு வந்தது. கீழே, கடலில் சேரும் இடத்தில் இருக்கும் ஒரு மணல்திட்டுக்கு வந்தது. நடுவில், பெயர்கூட இல்லாத சின்னச் சின்னக் கிளைக்கால்களுக்கு வந்தது. இந்த இடங்களில் யாரும் காரை நிறுத்திப் படம் எடுப்பதில்லை. வரைபடத்தில் பார்த்தால் காலியிடம். ஆற்றின் உயிர் முழுக்க அங்கேதான் இருக்கிறது என்பதை இத்தனை வருடம் இதன் கரையில் குடியிருந்துதான் புரிந்துகொண்டேன்.

கனடாவின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடக்குப் பகுதியில் ஓடுகிறது ஸ்கீனா. நீளம் சுமார் 570 கிலோமீட்டர். அதன் முதன்மை ஓட்டத்தில் ஓர் அணைகூடக் கிடையாது. இவ்வளவு பெரிய ஆறு இன்னும் அணையில்லாமல் ஓடுவது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். எங்களுக்குத் தெற்கே இருக்கும் நெச்சாக்கோ ஆற்றை 1950-களின் தொடக்கத்தில் கென்னி அணை கட்டி மறித்தார்கள். கிட்டிமாட்டில் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் வேண்டும் என்று, கிழக்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து மேற்கே திருப்பிவிட்டார்கள். அங்கிருந்த செஸ்லாட்டா பழங்குடி மக்களின் வீடுகளும் கல்லறைகளும் தண்ணீருக்குள் போயின. அந்த ஆலை இன்றும் ஓடுகிறது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

எங்கள் தெருமுனையில் காட்டன்வுட் மரங்களுக்குப் பின்னால் ஒரு கிளைக்கால் இருக்கிறது. ஜூன் மாதம் மலைப்பனி உருகி ஆறு பெருகும்போது அது ஆற்றோடு சேர்ந்துவிடும். இலையுதிர்காலத்தில் ஆறு வற்றியதும் தனியாகப் பிரிந்து, முழங்கால் ஆழத்தில், ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் கிடக்கும். மேலே இலை மிதக்கும். விழுந்து அழுகிய மரங்கள், பீவர் கடித்துப் போட்ட கிளைகள், கறுப்புச் சேறு. புதிதாக வந்தவர்கள் கொசு உற்பத்தியாகும் குட்டை என்று நினைப்பார்கள். ஆனால் அங்கே அசையாமல் கொஞ்ச நேரம் குனிந்திருந்தால், விழுந்த மரத்தின் நிழலிலிருந்து விரல் நீளத்தில் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். உடம்பில் கருநீலக் கோடுகள், துடுப்புகளில் லேசான ஆரஞ்சு, அடித்துடுப்பின் முன் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. கோஹோ சால்மனின் குஞ்சுகள். ஓட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்துக்கொண்டு, மேலே விழும் பூச்சியை ஒரே துள்ளலில் பிடித்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு; பக்கத்துக் குஞ்சு எல்லை தாண்டினால் துரத்தும்.

சால்மன் என்றால் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி முட்டையிட்டுச் சாகும் மீன் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அதற்குள் எத்தனை வகை வாழ்க்கை இருக்கிறது என்பதைப் புத்தகம் சொல்வதில்லை. ஸ்கீனாவில் ஐந்து வகை பசிபிக் சால்மன் உண்டு. அவற்றோடு, கடலுக்குப் போய்த் திரும்பும் டிரவுட் வகையான ஸ்டீல்ஹெட்டும் உண்டு. பிங்க் வகை, குஞ்சு பொரிந்த சில வாரங்களிலேயே கடலுக்கு ஓடிவிடும். சாக்கை வகை ஏரியில் ஓரிரண்டு வருடம் வளரும். கோஹோவுக்கு வேண்டியது இந்த மாதிரிக் கிளைக்கால். ஒரு குளிர்காலத்தையாவது அது இங்கே கழித்தாக வேண்டும். பெரிய ஆறு உறைபனியும் வெள்ளமுமாக இருக்கும்போது, நிலத்தடி நீர் ஊறும் இந்தக் குட்டைகள்தான் அதற்கு அடைக்கலம். சாலைக்கு அடியில் போட்ட ஒரு குழாயை அரை அடி உயரத்தில் வைத்துவிட்டால் போதும். குஞ்சால் ஏறி வர முடியாது, அந்தக் கிளைக்கால் அதன் கணக்கில் இல்லாமல் போய்விடும். யாரும் எதிர்த்துப் போராட மாட்டார்கள், பத்திரிகையில் செய்தி வராது.

சரி, மேலே போவோம். ஸ்கீனா, நாஸ், ஸ்டிக்கீன் ஆகிய மூன்று பெரிய சால்மன் ஆறுகளும் கிட்டத்தட்ட ஒரே மேட்டுநிலத்தில் பிறக்கின்றன. டால்டன் பழங்குடி மக்கள் அதை க்ளபோனா என்கிறார்கள். ஈரப்புல்வெளி, சின்னச் சின்ன ஊற்றுகள், கரிபூ மான்கள். அதன் அடியில் நிலக்கரி இருக்கிறது. அந்த நிலக்கரிக்குள் மீத்தேன் வாயு இருக்கிறது. 2004-இல் அந்த வாயுவை எடுக்கும் உரிமையை மாகாண அரசு ஷெல் நிறுவனத்துக்குக் கொடுத்தது. நிலக்கரிப் படுகையிலிருந்து வாயுவை எடுக்க வேண்டுமென்றால் முதலில் அதிலுள்ள தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஒரு கிணறு போதாது, நிறையக் கிணறுகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சாலை வேண்டும், குழாய் வேண்டும். மூன்று ஆறுகளின் ஊற்றுக்கண்ணில் போய் இதைச் செய்யப் பார்த்தார்கள்.

தடுத்தவர்கள் டால்டன் முதியவர்கள். சாலையில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அதே இடத்தில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இன்னொரு நிறுவனம் முயன்றது; 2005-இல் அந்த மறியலில் பாட்டிகளைக்கூடக் கைது செய்தார்கள். கீழே இருக்கும் எங்கள் ஊர்களிலும் கூட்டங்கள் நடந்தன. மரம் வெட்டுபவர், மீன்பிடி வழிகாட்டி, ஆசிரியர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் என்று வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒன்றாக நின்றதாக அன்று இருந்தவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். கடைசியில் 2012 டிசம்பரில் ஷெல் விலகியது. அங்கே எண்ணெய், எரிவாயு எடுக்க இனி அனுமதியில்லை என்று அரசு அறிவித்தது. 2015-இல் நிலக்கரி உரிமங்களையும் அரசே பணம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. இன்று ஆற்றங்கரையில் நிற்கும் எனக்கு வரும் தண்ணீர், நான் பார்த்திராத அந்தப் பாட்டிகள் சாலையில் உட்கார்ந்ததால் வருகிற தண்ணீர். வனாந்தர ஆறு, மனிதன் கைபடாத ஆறு என்றெல்லாம் சுற்றுலாப் பிரசுரங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அதைப் படித்தால் கோபம் வரும். கைபடாமல் எங்கே இருந்தது? ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கைகள்தான் இதைக் காத்துவந்திருக்கின்றன.

அதற்குச் சாட்சி பாபீன் ஏரி. ஸ்கீனாவுக்குத் திரும்பும் சாக்கையில் மிகப் பெரும்பகுதி இந்த ஏரியைச் சேர்ந்தவை. ஏரியிலிருந்து வெளியேறும் ஆற்றில் பாபீன் பழங்குடி மக்கள் மரக்கழிகளால் வேலி கட்டி மீன் பிடித்தார்கள். வேலியில் வந்து நிற்கும் மீன்களில் தேவையானதை எடுத்துக்கொண்டு மற்றதை மேலே விடலாம். எந்த மீனை எடுக்கிறோம், எவ்வளவு எடுக்கிறோம் என்பது கண்ணுக்கு எதிரே தெரியும். ஸ்கீனாவின் முகத்துவாரத்தில் 1877-இல் முதல் மீன் டப்பா ஆலை வந்தது. பிறகு வரிசையாக வந்தன. 1900-களின் தொடக்கத்தில் மீன் குறைந்தபோது, ஆலைகளின் வலைகளை விட்டுவிட்டு பாபீன் மக்களின் வேலிகள்மீது பழி போட்டார்கள். 1906-இல் வேலிகளைப் பிரிக்க வைத்து, வலைகளைக் கொடுத்தார்கள். கடலோரத்தில் வலை போட்டால் எந்தக் கிளையாற்று மீன் என்று பார்த்தா பிடிக்க முடியும்? பெரிய கூட்டத்தோடு சேர்ந்து சின்னக் கூட்டங்களும் வாரிக்கொண்டு போகப்பட்டன.

அந்தக் காலத்தில் ஆலைகளில் மீனின் வயதைக் கணக்கிட 1912 முதல் செதில்களைச் சேகரித்து வைத்திருந்தார்கள். செதிலில் மரத்தின் வளையம்போல வளையங்கள் உண்டு. நூறு வருடம் கழித்து ஆய்வாளர்கள் அந்தக் காய்ந்த செதில்களிலிருந்து மரபணுவை எடுத்து, எந்தச் செதில் எந்தக் கிளையாற்றுக் கூட்டத்துடையது என்று பிரித்துப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஸ்கீனாவுக்குத் திரும்பும் இயற்கையான சாக்கை நூறு வருடத்துக்கு முன் இருந்ததில் சுமார் நான்கில் ஒரு பங்குதான். மொத்த எண்ணிக்கையில் இது தெரியவே இல்லை, ஏனென்றால் 1960-களில் பாபீனில் வெட்டிய செயற்கை முட்டையிடும் கால்வாய்கள் எண்ணிக்கையை நிரப்பிவிட்டன. ஒரே இடத்து மீன் பெருகியது, மற்ற இடத்து மீன்கள் சத்தமில்லாமல் சுருங்கின. 2013-இல் சாக்கை வரத்து அவ்வளவு மோசமாகப் போய், பழங்குடி மக்களின் உணவுக்கான மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் புகைக்கொட்டில்கள் காலியாகக் கிடந்ததைப் பற்றி எங்கள் பக்கத்து வீட்டு அம்மா பேசும்போது இன்றும் குரல் கம்மும். அவர் கிட்சம்கேலம் ஊர்க்காரர், சிம்ஷியன் பழங்குடி. மார்ச் மாதம் ஊலிக்கன் மீன் ஏறும்போது கடல்சிங்கங்கள்கூடக் கடலை விட்டு ஆற்றுக்குள் வரும், கழுகுகளும் கடற்காகங்களும் கரை முழுக்க உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு ஒரு வாளி ஊலிக்கன் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்துவிடும். விரலளவுதான் இருக்கும், அவ்வளவு கொழுப்பு. நான் மிளகாய்த்தூள் தடவிப் பொரிப்பேன். அவருக்குப் பிடிக்கும், ஆனால் நெய் எடுக்க வேண்டிய மீனைப் பொரிக்கிறாயே என்று திட்டிக்கொண்டேதான் சாப்பிடுவார்.

இப்போது கீழ்முனைக்கு வருகிறேன். பிரின்ஸ் ரூபர்ட்டுக்குப் பக்கத்தில், ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், லீலு தீவு. அதை ஒட்டி ஃப்ளோரா பேங்க் என்று ஒரு மணல்திட்டு. கடல் வற்றும்போது பார்த்தால் பச்சைப் புல் படுத்துக் கிடக்கும் ஒரு ஈர வெளி; ஏறும்போது அதுவும் இல்லை, வெறும் தண்ணீர். பக்கத்து வீட்டு அம்மாவின் உறவினர் ஒருவரின் படகில் ஒருமுறை அங்கே போனோம். ஆழம் குறைந்ததும் எஞ்சினைத் தூக்கிவிட்டுத் துடுப்புப் போட்டார். தண்ணீருக்குள் கடற்புல் நாடா நாடாவாகச் சாய்ந்திருந்தது. ஒரு நாடாவை விரலில் எடுத்துப் பார்த்தேன்: அதன்மேல் பொடிப்பொடியாக நத்தைகள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் கூனிகள், மீன் முட்டைகள் போன்ற மணிகள். ஆற்றிலிருந்து இறங்கும் சால்மன் குஞ்சு உப்புத் தண்ணீருக்குப் பழகும்வரை நின்று தின்று கொழுக்கும் இடம் இதுதான். மேலே 500 கிலோமீட்டர் தாண்டிப் பிறந்த குஞ்சும் இங்கே வந்து நிற்கிறது. 40-க்கும் மேற்பட்ட சால்மன் கூட்டங்களின் குஞ்சுகள் இந்த முகத்துவாரத்தைப் பயன்படுத்துவதாக மரபணுச் சோதனையில் கண்டுபிடித்தார்கள்; அதிலும் ஃப்ளோரா பேங்கைச் சுற்றிய பகுதியில்தான் அதிக நெருக்கம்.

இந்த இடத்தில்தான் மலேசியாவின் பெட்ரோனாஸ் தலைமையில் திரவ எரிவாயு முனையம் கட்டத் திட்டமிட்டார்கள். குழாய், கப்பல்துறை எல்லாம் சேர்த்து 3,600 கோடி கனடிய டாலர் திட்டம். லீலு தீவில் ஆலை. அங்கிருந்து ஃப்ளோரா பேங்கைத் தாண்டிக் கப்பல்துறைக்கு ஒரு பெரிய பாலம். அருகிலிருக்கும் லாக்ஸ் குவலாம்ஸ் பழங்குடி மக்களுக்கு 40 வருடத்தில் 100 கோடி டாலருக்கும் அதிகமாகத் தருவதாகச் சொன்னார்கள். 2015 மே மாதம் மூன்று ஊர்களில் கூட்டம் போட்டு அவர்களிடம் கேட்டார்கள். வேண்டாம் என்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றதும் மண்டபமே எழுந்து நின்றது. அவர்கள் ஒன்றும் வசதியான மக்கள் இல்லை. பிற்பாடு அதே சமூகத்துக்குள் கருத்து பிரிந்ததும் உண்மை. சில நிபந்தனைகளோடு பேசலாம் என்றவர்களும் இருந்தார்கள். வேலையில்லாத ஊரில் அப்படிச் சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மத்திய அரசின் சுற்றுச்சூழல் மதிப்பீடு மீன்களுக்குப் பெரிய பாதிப்பு இருக்காது என்றது. அந்த மணல்திட்டு எப்படி அங்கே நிலைத்திருக்கிறது என்பதை ஆராய்ந்த ஒரு விஞ்ஞானி வேறு மாதிரி சொன்னார்: அலையும் ஓதமும் ஆற்றோட்டமும் மூன்று பக்கமும் தள்ளுவதால்தான் மணல் அங்கே நிற்கிறது, பாலத்தின் தூண்கள் அந்தத் தள்ளலைக் கொஞ்சம் மாற்றினாலும் மணல் கரையத் தொடங்கும் என்று. 2016 செப்டம்பரில் 190 நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார்கள். 2017 ஜூலையில் சந்தை நிலவரம் சரியில்லை என்று சொல்லி நிறுவனமே கைவிட்டுவிட்டது. அன்று எங்கள் ஊரில் சிலர் கட்டியணைத்துக்கொண்டார்கள், சிலர் வீடு வாங்கக் கொடுத்த முன்பணத்தை நினைத்துத் தலையில் கைவைத்தார்கள். எனக்கு நிம்மதிதான். ஆனால் எரிவாயு விலை ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு அந்த நிம்மதியைப் பாதியாக்கிவிட்டது. அந்தப் புல்வெளி பிழைத்தது அதன் மதிப்பு தெரிந்ததால் அல்ல.

ஆற்றின் நடுப்பகுதி அப்படிக்கூடப் பிழைக்கவில்லை. கோஸ்டல் கேஸ்லிங்க் எரிவாயுக் குழாய் 670 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைகளைத் தாண்டி கிட்டிமாட்டுக்கு வந்தது. வழியில் மோரிஸ் ஆற்றின் அடியில் போகிறது. வெட்சுவெட்டன் பழங்குடி மக்கள் வெட்சின் குவா என்று அழைக்கும் அந்த ஆறு பல்க்லியில் சேர்ந்து, பல்க்லி ஹேசல்டனில் ஸ்கீனாவில் சேர்கிறது. இந்த நிலத்தின்மேல் தங்களுக்கு உரிமை உண்டு என்று கிட்க்சான், வெட்சுவெட்டன் தலைவர்கள் தொடுத்த வழக்கில்தான் 1997-இல் கனடா உச்ச நீதிமன்றம் பழங்குடி நில உரிமை என்று ஒன்று இருக்கிறது, வாய்மொழி வரலாறும் சாட்சிதான் என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் 2019, 2020, 2021 என்று மூன்று வருடங்களும் போலீஸ் வந்து மறியல்களை அகற்றியது. குழாய் அமைக்கும் பாதையில் மண் கரைந்து ஓடைகளில் கலந்ததற்கு மாகாண அரசே பலமுறை அபராதம் விதித்தது. கலங்கிய மண் படிந்தால் கூழாங்கற்களின் இடுக்கில் இருக்கும் முட்டைக்குக் காற்று போகாது. 2022-இல் ஆற்றுக்கடியில் துளைத்து முடித்தார்கள். 2025-இல் கிட்டிமாட்டிலிருந்து முதல் எரிவாயுக் கப்பல் போனது.

இதை எழுதும் நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் கணவர் கிட்டிமாட் கட்டுமானத்தில் மின்பணியாளராக இருந்தார். எங்கள் வீட்டுக் கடன் அதில்தான் அடைந்தது. பக்கத்து வீட்டு அம்மாவின் தம்பி குழாய் வேலைக்கு லாரி ஓட்டினார். இந்த ஊரில் எந்தச் சமையலறையில் உட்கார்ந்தாலும் ஒரு நாற்காலியில் ஆறும் இன்னொரு நாற்காலியில் சம்பளமும் உட்கார்ந்திருக்கும். அதனால் வேலையே வேண்டாம், எதுவுமே கட்டாதே என்று நான் சொல்லப் போவதில்லை. எந்த இடம் என்பதுதான் என் கேள்வி. முகத்துவாரத்தின் அந்த ஒரு திட்டைத் தவிர அத்தனை நூறு கிலோமீட்டர் கடற்கரையில் வேறு இடமே இல்லையா? ஊற்றுக்கண்ணைத் தவிர வாயு வேறெங்கும் இல்லையா? ஒவ்வொரு திட்டத்தையும் தனியாக வைத்து எடைபோட்டு, இதனால் பெரிய பாதிப்பு இல்லை என்கிறார்கள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று எல்லாவற்றையும் கடந்து போகும் அந்த ஒரே குஞ்சை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

இப்போது எங்கள் ஊரில் பேச்சு இன்னொரு குழாயைப் பற்றி. பிரின்ஸ் ரூபர்ட் எரிவாயுக் குழாய் என்பது அதன் பெயர். லீலு தீவு முனையத்துக்காகத் திட்டமிட்டு 2014-இல் சுற்றுச்சூழல் சான்றிதழ் வாங்கிய அதே குழாய்தான். முனையம் போனாலும் சான்றிதழ் உயிரோடு இருந்தது. 2024-இல் நிஸ்கா பழங்குடி மக்களின் அரசும் ஓர் எரிவாயு நிறுவனமும் சேர்ந்து அதை வாங்கி, வடக்கே பியர்ஸ் தீவில் கட்டப்போகும் முனையத்துக்குத் திருப்பின. சான்றிதழ் காலாவதியாவதற்குள் அந்த ஆகஸ்டில் வேலையைத் தொடங்கினார்கள். அதே மாதம் கிட்டன்யோ பழங்குடியின் பாரம்பரியத் தலைவர்கள் இந்தக் குழாய்க்காக முன்பு போட்ட ஒப்பந்தத்தை எரித்துச் சாலையை மறித்தார்கள். இந்தமுறை வெளியூர் நிறுவனத்துக்கும் பழங்குடி மக்களுக்கும் இடையிலான வழக்கு இல்லை. நிஸ்கா மக்கள் 2000-இல் அரசோடு செய்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து தங்களைத் தாங்களே ஆள்பவர்கள். தங்கள் நிலத்தில் தங்கள் பிள்ளைகளுக்கு வருமானம் வேண்டும் என்கிறார்கள். அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் குழாய் அவர்கள் நிலத்தில் மட்டும் போகவில்லை. ஸ்கீனாவின் மேல்கிளைகளையும் தாண்டித்தான் போக வேண்டும்.

2025 ஜூனில் மாகாண அரசு, வேலை கணிசமாகத் தொடங்கிவிட்டதால் அந்தச் சான்றிதழ் இனிக் காலாவதியாகாது என்று முடிவு சொன்னது. அதாவது, 2014-க்கு முன் செய்த ஆய்வுகளை வைத்து இந்த ஆற்றின் கிளைகளைக் கடக்கலாம். அதற்குப் பிறகு 2021-இல் ஸ்டீல்ஹெட் வரத்து 1950-களில் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து காணாத அளவுக்குக் குறைந்தது. பழைய செதில்களின் ஆய்வு வந்தது. ஃப்ளோரா பேங்க் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி அதற்குப் பிறகு தெரிந்ததுதான். கடக்கப்போகும் ஒவ்வொரு ஓடையிலும், குறிப்பாகக் குழாய்ப் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரில்லாத கிளைக்கால்களில், இன்று என்ன மீன் இருக்கிறது என்று புதிதாகப் பார்க்காமல் மண்ணைத் தோண்டக் கூடாது. எங்கள் மாகாணச் சட்டமன்ற உறுப்பினருக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். எங்கள் தெருமுனைக் கிளைக்காலில் அக்டோபரில் எடுத்த கோஹோ குஞ்சுகளின் படங்களையும் சேர்த்து அனுப்பினேன். படம் கொஞ்சம் கலங்கலாகத்தான் வந்திருக்கிறது. துடுப்பின் வெள்ளைக் கீற்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது.